சதுப்பும் சுரமும் சோலையும்

சதுப்பு நிலம் என்றதும் நம்மவர் முகம் சுளிப்பது இயல்பு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் முறைச்சுரத்தால் மாண்ட தமிழ்த் தொழிலாளர் எண்ணிறந்தோர். லயங்களின் அருகே தேங்கிய நீரைக் கண்டு நம் முன்னோர் அஞ்சினர். சுரத்தைப் பேயின் வேலையென்று எண்ணினாரும் அவருள் இருந்தனர்.

இவ்வறியாமை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. சதுப்பின் தீய காற்றே நோய்க்குக் காரணமென்று மேல்நாட்டாரும் நெடுங்காலம் நம்பினர். 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே தீய காற்று என்பதாம். 1897-ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் என்பார் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராய் வந்த மால்கம் வாட்சன், ஊரைச் சூழ்ந்த சதுப்புகளுக்கு வடிகால் வெட்டச் செய்தார். சுரமும் சாவும் விரைந்து குறைந்தன. ஆனால் மலைச்சாரல் தோட்டங்களில் அதே முறை பலிக்கவில்லை. காடு வெட்டப்பட்டு வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகிற்று. நிழல் மூடிய குட்டையை நாடுவது ஒன்று. வெயில் படும் ஓடையை நாடுவது மற்றொன்று. ஆகவே நீர் நமக்குப் பகையன்று. எந்த நீரில் எந்தக் கொசு வளரும் என்று அறியாமையே பகை என்பது விளங்கிற்று.

அறிவு வந்தும் பழைய அச்சம் எளிதில் அகலவில்லை. சதுப்பென்றால் மண்ணிட்டு நிரப்புவதும், ஆறென்றால் சிமிண்டுக் கால்வாயாக்குவதும் நகரங்களின் வழக்கமாயின. சிங்கப்பூரின் கண்டற்காடுகளில் பெரும்பகுதி மறைந்தொழிந்தது. எஞ்சியவற்றுள் ஒன்று வடமேற்குக் கரையிலுள்ள சுங்கை பூலோ. இறால் குளங்கள் இருந்த அவ்விடத்தில், சைபீரியா முதலிய வடதேசங்களினின்று வரும் பறவைகள் திரள்வதை 1986-ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர் சிலர் கண்டு, அதனைக் காக்க வேண்டுமென முறையிட்டனர். சர்க்கார் செவிசாய்த்தது. 1993-இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட அது, 2002-இல் 130 ஹெக்டேர் இயற்கைக் காப்பகமாயிற்று.

வீடுகள் நெருங்கிய இடத்திலும் இம்மாறுதல் நிகழ்ந்துள்ளது. 62 ஹெக்டேர் பரப்புள்ள பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக, காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் தூரம் சிமிண்டுக் கால்வாயாய் ஓடியது. அதனை உடைத்து, வளைந்தோடும் ஆறாக்கி 2012-இல் மக்களுக்கு அளித்தனர். வானம் வெளுத்திருக்கும் நாளில் பிள்ளைகள் கரையில் இறங்கி விளையாடுகின்றனர். பெருமழையில் வெள்ளம் புல்வெளியில் பரந்து செல்கிறது. நீர் உயர்வதை அபாயச் சங்கு முன்னரே அறிவிக்கிறது.

இத்தகைய சோலைகளின் மேன்மை அழகினால் மட்டும் ஆவதன்று. நல்ல காற்றும் மைதானமும் துரைமாரின் மன்றங்களுக்கே உரியனவாயிருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. இங்கோ நுழைவுச் சீட்டில்லை. இனமும் பதவியும் கேட்பாரில்லை. அடுக்குமாடியில் வாழும் தொழிலாளியும் அவன் மேலதிகாரியும் ஒரே கரையில் அமர்கின்றனர்.

அன்று சதுப்பை வடித்தவரும் உயிர் காத்தனர்; இன்று சதுப்பைக் காப்பவரும் உயிர் காக்கின்றனர். இரண்டிற்கும் அடிப்படை அறிவே. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோம். பறவைகளைக் காட்டுவோம். சுரத்தில் நடுங்கிக்கொண்டே வடிகால் வெட்டிய பாட்டன்மாரின் வரலாற்றையும் அக்கரையிலேயே சொல்லி வைப்போம்.