எண் ஏறாத ஊர்: சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றிய சாலைகளும் அவற்றின் குறிகளும்

தென்காசியில் நின்று கேட்டால் அது சுரண்டை ரோடு. சுரண்டையில் நின்று கேட்டால் அதே தார்ச்சாலை தென்காசி ரோடு. நடுவில் இருக்கிற சுந்தரபாண்டியபுரத்துக்காரர் இரண்டு பெயரையும் வைத்திருக்கிறார். மேற்கே பார்த்து நடந்தால் ஒன்று, கிழக்கே திரும்பினால் மற்றொன்று. யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. சாலையின் பெயர் போகும் ஊரால் அமையும், நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் என்பது தமிழ்நாட்டு ஊர்ப்புற வழக்கின் இலக்கணம். பழைய வழிக்கற்கள் இந்த இலக்கணப்படியே பேசின. இருபதாம் நூற்றாண்டில் வந்த சாலை எண்தான் முதன்முதலில் அதற்கு வெளியே நின்று பேசியது. தென்காசி வட்டாரத்தின் கற்களையும் பலகைகளையும் இந்தக் கோணத்தில் வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊரின் கிடப்பை முதலில் சொல்லிவிடலாம். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம் வழியாக வடக்கே திருமங்கலத்துக்குப் போவது தேசிய நெடுஞ்சாலை 744. பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகக் கிழக்கே திருநெல்வேலிக்குப் போவது மாநில நெடுஞ்சாலை 39. இவ்விரண்டும் பிரிந்து விலகும் இடைவெளியில், குளமும் வயலும் பாறையுமாகக் கிடக்கிறது சுந்தரபாண்டியபுரம். பாண்டியன் பெயரைச் சுமக்கும் ஊர். பெரிய சாலை இரண்டுமே அதைத் தொடாமல் போகின்றன. எண் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

தமிழ்நாட்டு வழிக்கற்களில் பெயர்பெற்றவை தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாவல் தாவளம் என்னும் வணிகத் தங்கலிடத்துக்கு அங்கிருந்து எத்தனை காதம் என்று சொல்கின்றன. ஒரு கல் 27 என்கிறது, மற்றொன்று 29. தொலைவை எழுத்தால் பொறித்ததோடு நில்லாமல், கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி என்றால் 29 காதம். எழுத்தறியாத பொதிமாட்டுக்காரன் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம், இருட்டிலும் தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு கரிசனத்தோடு வழிப்போக்கனை நினைத்துப் பார்த்த குறியைப் பிற்காலத்தில் நான் அதிகம் கண்டதில்லை. அந்தக் கல்லில் முதன்மை பெறுவது தொலைவு. அதை அளப்பதும் கல் நிற்கும் இடத்திலிருந்துதான். 'இங்கிருந்து இன்ன ஊர் இவ்வளவு' என்பது, 'சுரண்டை ரோடு' என்று சொல்கிறவரின் இலக்கணமேதான்.

தமிழில் 'கல்' என்ற சொல்லே தொலைவின் அலகாகிவிட்டது. 'பத்துக் கல் தொலைவு' என்றால் பத்து மைல். பிரிட்டிஷ் ஆட்சியின் மைல் அளவு வந்தபோது, அளந்ததைவிட நட்டதே மக்கள் கண்ணில் பட்டது. நட்டதன் பெயர் அளவுக்கு ஏறிக்கொண்டது. தூத்துக்குடியில் 'மூன்றாவது மைல்' ஒரு வட்டாரத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. மெட்ரிக் முறை வந்து மைல்கள் கிலோமீட்டராகிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அலகு செத்தாலும் அது நின்ற இடம் ஊராகப் பிழைத்துக்கொண்டது.

பெருவழிக் கல்லுக்கும் மைல் கல்லுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி ஒன்று மட்டும். மதுரை நாயக்கர் ஆட்சியில் 1689 முதல் 1706 வரை அரசை நடத்திய ராணி மங்கம்மாளின் பெயர் தென்மாவட்டச் சாலைகள் பலவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரநிழலோடு பழைய சாலை ஒன்று தென்பட்டால் அது மங்கம்மாள் சாலைதான் என்பது இங்கே ஏறத்தாழ அனிச்சையான பதில். அத்தனையும் அவர் போட்டவையா என்பது வேறு கேள்வி. நம் வாதத்துக்கு வேண்டியது, ஊர்ப் பெயரின்றி ஆள் பெயரால் சாலைகள் வழங்கிய விதிவிலக்கு ஒன்று உண்டு என்பதே; அந்தப் பெயரும் நிழல் கொடுத்தவருக்கே கிடைத்தது.

எண் வந்த கதைக்குச் செங்கோட்டை வழியாகப் போக வேண்டும். தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தபோது, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த செங்கோட்டை திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பில் அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஊர் நுழைவு வளைவில் இருக்கும் திருவிதாங்கூர் முத்திரைதான் பழைய எல்லைக்குச் சாட்சி. எல்லை மேற்கே நகர்ந்து புளியரை, ஆரியங்காவு மலைவழிக்குப் போய்விட்டது, வளைவு நகரவில்லை. பிறகு கொல்லம் தொட்டுத் திருமங்கலம் வரை, ஏறத்தாழ 206 கிலோமீட்டர் நீளத்துக்கு 208 என்று ஒரே எண் விழுந்தது. நாடு முழுவதும் 2010இல் எண்களை மாற்றியபோது அது 744 ஆயிற்று. கொல்லத்து மீன் வண்டியும் ராஜபாளையத்துப் பஞ்சு வண்டியும் ஒரே பெயருள்ள சாலையில் போகின்றன என்பது எண் செய்த வேலை. எங்கே நின்று கேட்டாலும் அது 744தான். கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

கிலோமீட்டர் கல் ஊர்ப் பெயருக்கும் எண்ணுக்கும் இடையில் அகப்பட்ட பொருள். தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை, 2000இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைக்கு ஆரஞ்சு. தலையில் அரசின் எண். உடம்பில் அடுத்த ஊரும் தொலைவும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கல் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இடையில் 200 மீட்டருக்கு ஒரு குட்டிக்கல் 2, 4, 6, 8 என்று எண்ணிக்கொண்டு வரும். குனிந்து பார்த்தால் இவற்றின் வண்ணம் அடுக்கடுக்காக உரிவது தெரியும்: எழுதியதன்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் மறுபடி எழுத்து, பழைய எழுத்தின் வால் புதியதன் காலடியில். தூரிகைக்காரர் ஊர்ப் பெயரைக் கல்லின் அகலத்துக்குள் அடைக்கப் படும் பாடும் தெரியும். சுந்தரபாண்டியபுரம் போன்ற நீளப் பெயர் எந்தக் கல்லுக்கும் சோதனைதான். கடைசி எழுத்துகள் ஒடுங்கும், அல்லது பெயர் இரண்டு வரியாக முறியும்.

பெயரை எழுதுவதே ஒரு வழக்காகிவிட்டதற்குக் குற்றாலம் நல்ல சான்று. ரோமன் எழுத்தில் அதை ஆங்கிலேயர் எழுதிய வடிவம், தமிழ் ஒலியை ஒட்டிய வடிவம் எனப் பலகைக்குப் பலகை வேறுபடும். மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் வேறு இருக்கிறது. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட வாய்ப்புண்டு, தமிழில் ஒருபோதும் ஆகாது. ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற, 1,018 ஊர்களின் பட்டியலோடு தமிழக அரசு 2020 ஜூனில் ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன், 2017 மார்ச்சில், வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலம் இருந்த இடத்தில் இந்தி ஏறியபோது எழுந்த எதிர்ப்பை வெறும் மொழி அரசியல் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் கல்லின் உடம்பு ஊருக்கு உரியது, தலை மட்டுமே தில்லிக்கு என்று மக்கள் உள்ளூர வைத்திருந்த பங்கீடு மீறப்பட்டது. கோபத்தின் ஒரு பாதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

படக் குறிகளை இந்தச் சண்டை தொடவில்லை. 1968இன் வியன்னா உடன்படிக்கையும் 1988இன் மோட்டார் வாகனச் சட்ட அட்டவணையும் வகுத்த வட்டம், முக்கோணம், செவ்வகம் ஆகியவற்றுக்கு எந்த மொழியும் வேண்டாம். புளியரையின் சாலை வளைவுக்கு முன் வரும் முக்கோணத்தைத் தமிழரும் மலையாளியும் ஒன்றாகவே படிக்கிறார்கள். அதியமான் கல்லின் குழிகளுக்கு நேர்வாரிசு இவைதான். ஆனால் குழி தொலைவைச் சொன்னது. முக்கோணம் ஆபத்தை மட்டும் சொல்கிறது.

இனிச் சுந்தரபாண்டியபுரம். 'ரோஜா' (1992) படத்து நாயகியின் ஊருக்கு இந்த ஊரின் பெயரை ஒட்டியே பெயர் வைத்தார்கள். 'அந்நியன்' (2005) படப்பாடலுக்காக இங்கே ஒரு பாறையில் திரை நட்சத்திரங்களின் முகங்களைத் தீட்டினார்கள்; பாறைக்கு 'அந்நியன் பாறை' என்ற பெயரே விழுந்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது மலைக்கு அப்பாலிருந்து கார்கள் வருகின்றன. எந்தத் துறையும் நடாத அந்தப் பாறைதான் இன்று ஊரின் முதன்மை வழிக்குறி. வண்ணம் மங்க மங்க யாரோ கவலைப்படுகிறார்கள். எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்கு வழியாக்கியதுபோல் அகலப்படுத்தும் இடங்களில் மரத்தோடு கற்களும் போகின்றன. போகும் கல்லைப் படமெடுத்து, நின்ற இடத்தோடு குறித்துவைக்கும் பழக்கத்தை நெடுஞ்சாலை அளவைப் பணியில் ஒரு பத்தியாகச் சேர்த்தால் போதும். செலவு ஒன்றும் ஆகாது. எண் மாறினால் ஆவணத்தில் இருக்கும். ஆனால் ஓர் ஊர்ப் பெயரை ஒரு காலத்தில் எப்படி எழுதினார்கள், எந்த ஊரை அடுத்த ஊராகக் கருதினார்கள் என்பது கல்லில் மட்டுமே இருக்கிறது.

தென்காசியைத் தாண்டி ஒரு டீக்கடையில் வழி கேட்டேன். "அண்ணாச்சி, சுந்தரபாண்டியபுரத்துக்கு இந்த ரோடுதானே?"

கிளாஸைக் கழுவிக்கொண்டே அவர் திருப்பிக் கேட்டார்: "ஊருக்கா, பாறைக்கா?"