மழைமானி

பெய்த மழை ஓடாமலும் மண்ணில் ஊறாமலும் ஆவியாகாமலும் அப்படியே தேங்கினால் தரைமேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்று காட்டும் கருவி மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். வானிலைக் கருவிகளில் இதைவிட எளியது இல்லை. பக்கங்கள் நேரான எந்தப் பாத்திரமும் மழையை அளந்துவிடும். ஆனால் இரண்டு ஊர்களின் மழையை ஒப்பிட வேண்டுமானால் பாத்திரம், அதை வைக்கும் உயரம், அளக்கும் நேரம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கு உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

மழையை அளப்பது பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் உள்ளது. அரசின் தானியக் கிடங்கில் ஒரு முழ அகல வாயுள்ள கலத்தை வைக்கச் சொல்லும் அந்நூல், வறண்ட நாட்டுக்கு 16 துரோணம் (அக்கால முகத்தல் அளவை), அவந்திக்கு 23 துரோணம் என்று இடத்துக்கு இடம் மழையின் அளவைத் தருகிறது. எதை எப்போது விதைப்பது என்று முடிவு செய்யவே இந்தக் கணக்கு. தமிழ்ப் பஞ்சாங்கங்கள் வரப்போகும் மழையை மரக்காலில் சொல்லும். உழவர்களோ பெய்த மழையை, மண் நனைந்த ஆழத்தைப் பார்த்து ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்பார்கள்.

நாடு முழுவதும் ஒரே வகைக் கலம் என்ற எண்ணத்தை முதலில் செயலாக்கியது கொரியா. மன்னர் செஜோங் காலத்தில், 1441இல் இரும்பு உருளை மழைமானி உருவானது. மறு ஆண்டே அதன் அளவு நிலைப்படுத்தப்பட்டு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. ஐரோப்பா இதை அறியாமலே தனி வழியில் வந்தது. இத்தாலியின் பெருஜியாவில் 1639இல் பெனடெட்டோ காஸ்டெல்லி ஒரு கண்ணாடிக் கலத்தில் மழையைப் பிடித்து, டிராசிமெனோ ஏரி எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டு கலிலியோவுக்கு எழுதினார். இங்கிலாந்தில் 1662இல் கிறிஸ்டோபர் ரென், நிரம்பியதும் தானே சாய்ந்து கொட்டும் வாளி கொண்ட மழைமானியை வடிவமைத்தார்.

இந்த வரலாற்றில் முக்கியமான சோதனை வில்லியம் ஹெபர்டன் செய்தது. லண்டனில் 1766 முதல் ஓராண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் மேல் ஒன்று, ஒரு வீட்டுக் கூரையில் ஒன்று, தரையருகே ஒன்று என மூன்று மழைமானிகளை வைத்தார். தரையில் சுமார் 22.6 அங்குலம், கூரையில் 18.1, தேவாலய உச்சியில் 12.1. ஒரே மழை, மூன்று கணக்கு! கீழே இறங்க இறங்கத் துளிகள் பெரிதாகின்றனவோ என்று கூட ஐயம் எழுந்தது. உண்மைக் காரணம் காற்று என்று 1861இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் விளக்கினார். உயரத்தில் வீசும் காற்று கலத்தின் மேல் எழும்பிச் செல்லும்போது துளிகளையும் அடித்துச் சென்றுவிடுகிறது. மழைமானியை மொட்டை மாடியில் வைக்காமல், மரமும் சுவரும் மறைக்காத திறந்த தரையில் வைப்பது இதனால்தான்.

ஜி. ஜே. சைமன்ஸ் 1860இல் தொடங்கிய பிரிட்டிஷ் மழைப் பதிவு, தன்னார்வலர்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான நிலையங்களாக வளர்ந்தது. அவர் பெயரிலான, 5 அங்குல வாயுள்ள மழைமானியே இந்தியாவிலும் நீண்ட காலம் பயன்பட்டது. சென்னையின் மழைக்கணக்கு அதற்கும் முந்தியது. 1813 முதல் பதிவுகள் உள்ளன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் அமைந்த பிறகு நாடெங்கும் ஒரே முறை வந்தது. இன்று அந்தத் துறையின் சாதாரண மழைமானி கண்ணாடியிழையால் ஆனது. விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். தானியங்கி நிலையங்களில் ரெனின் சாயும் வாளியே வேறு வடிவில் இயங்குகிறது. கொட்டித் தீர்க்கும் மழையில், வாளி சாயும் நொடிகளில் விழும் நீரை அது சற்றுத் தவறவிடும்.

காலை 8.30 மணிக்கு அளக்கும் மழை, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குரியது. 2.5 மி.மீ. பெய்தால் அது மழைநாள். 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை.

2023 டிசம்பர் 18 காலை அளவீட்டில் காயல்பட்டினம் 95 செ.மீ. காட்டியது; அடுத்திருக்கும் திருச்செந்தூர் 69. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கே இவ்வளவு வேறுபாடு என்றால், வெள்ளம் வரும் ஆற்றுப் படுகைகளில் மழைமானிகள் இன்னும் நெருக்கமாக வேண்டும்.