தாயம்: ஒரு சொல்லின் பொருளும் மகளின் பங்கும்

பங்காளியைக் குறிக்கும் ‘தாயாதி’ என்னும் சொல்லைத் ‘தாய்’ என்பதோடு சேர்த்துப் பொருள் காண்போர் உண்டு. உண்மையில் அது ‘தாயாத’ என்னும் வடசொல்லின் திரிபு. தாயத்தைப் பெறுபவன் என்பது அதன் பொருள். தாயம் என்பது மரபுவழி வரும் சொத்து. அச்சொல்லுக்கு எவ்வாறு பொருள் கொள்வது என்பதில் எழுந்த கருத்து வேறுபாடு, இந்தியாவில் இந்துக்களின் சொத்துரிமையை நெடுங்காலம் இரு முறைகளாகப் பிரித்து வைத்தது.

சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தில் கல்யாணி நகரில் வாழ்ந்தவர் விஞ்ஞானேசுவரர். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு அவர் எழுதிய உரையே மிதாக்ஷரம். உடையவரோடுள்ள உறவு ஒன்றையே காரணமாகக் கொண்டு மற்றவருக்கு உடைமையாகும் பொருளே தாயம் என்று அவர் வரையறுத்தார். மகன் என்னும் உறவு பிறப்போடு தோன்றுவது. ஆகவே உரிமையும் பிறப்போடு தோன்றும். இது ‘அப்ரதிபந்த தாயம்’, அதாவது தடையற்ற தாயம். உடையவர் மகனின்றி இறந்த பின்னரே சகோதரர் முதலியோரை அடைவது ‘ஸப்ரதிபந்த தாயம்’, தடையுள்ள தாயம்.

வங்கத்து ஜீமூதவாகனர் தமது தாயபாகத்தில் சொல்லின் வேரிலிருந்து தொடங்கினார். ‘தா’ என்னும் வினையடிக்குக் கொடுத்தல் என்று பொருள். ஆனால் இறந்தவர் எதையும் கொடுப்பதில்லை. எனவே இங்கு அவ்வினை நேர்ப்பொருளில் வரவில்லை என்றார். ஒருவரது உடைமை நீங்கி மற்றொருவரது உடைமை தோன்றுதலே இரண்டிற்கும் பொது. ஆகவே தந்தையின் உரிமை நீங்கும் வரை மகனுக்கு உரிமை இல்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. மகனில்லாத கைம்பெண், கணவர் பாகம் பிரியாமல் இறந்திருந்தாலும், தாயபாகத்தின்படி அவர் பங்கை அடைந்தாள். மிதாக்ஷர முறையிலோ அப்பங்கு கூட்டுக்குடும்பத்தின் ஆண்களிடமே நின்றது. அவளுக்கு எஞ்சியது சீவனாம்சம். 1810-இல் கோல்புரூக் இவ்விரு நூற்பகுதிகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். நீதிமன்றங்கள் வங்கத்துக்கும் அசாமுக்கும் தாயபாகத்தையும், பெரும்பாலான பிற பகுதிகளுக்கு மிதாக்ஷரத்தையும் கைக்கொண்டன.

1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்களுக்கு வாரிசுரிமை அளித்தபோதிலும், மிதாக்ஷரக் கூட்டுச்சொத்தில் பிறப்புரிமையை ஆண்களுக்கே விட்டுவைத்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் பிறப்பாலேயே பங்குரிமையர் ஆக்கியது. எனினும், திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், அதற்குமுன் தந்தையை இழந்த மகள்கள் விலக்கப்பட்டனர். 2020 ஆகஸ்ட் 11 அன்று மூவர் அமர்வு அக்கருத்தை மாற்றியது. அதற்கு அடிப்படையாக நின்றது பழைய பாகுபாடே: கூட்டுச்சொத்து தடையற்ற தாயம், அதில் உரிமை பிறப்பால் வருவது, தந்தையின் இறப்பால் வருவதன்று, ஆகவே அந்நாளில் தந்தை உயிருடன் இருந்தாரா என்னும் வினாவுக்கு இடமில்லை.

மகளைப் புறத்தே நிறுத்திய அதே வரையறைதான் அவளுக்குச் சான்றாகவும் வந்தது. தடையற்ற தாயம் என்னும் தொடரின் பொருள் மாறவில்லை. அதனுள் அடங்குவோர் யார் என்பதே மாறியது.