ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத அணி, 18 வயசு வீரர்கள்: லெஸ்டர்ஷயர் கணக்கு என்ன சொல்லுது?

2022 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இந்திய அணி ஆடிய பயிற்சிப் போட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பும்ரா, ரிஷப் பந்த், புஜாரா, பிரசித் கிருஷ்ணா நாலு பேரும் இந்தியாவுக்கு எதிராக, லெஸ்டர்ஷயர் அணிக்காக ஆடினார்கள். ஆனால் முதல் நாளில் ரோஹித் சர்மாவையும் விராட் கோலியையும் அவுட் ஆக்கியது பும்ரா இல்லை. ரோமன் வாக்கர் என்ற 21 வயசு வேகப்பந்து வீச்சாளர். அன்றைக்கு 5 விக்கெட். "யாருப்பா இந்தப் பையன்?" என்று நம்ம ஊர் டைம்லைன் முழுக்க ஒரே கேள்வி.

அதே 2022 சீசனில் லெஸ்டர்ஷயர், கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பில் 14 போட்டிகள் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இரண்டாவது டிவிஷனில் கடைசி இடம்.

இந்த இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒரு கவுன்ட்டி தொடர்ந்து தோற்கும்போது அதன் ஸ்கோர்கார்டில் திடீரென்று பெயர் தெரியாத 18, 19 வயசு வீரர்கள் முளைப்பார்கள். "இளைஞர்களுக்கு வாய்ப்பு" என்று கிளப் அறிக்கை விடும். அது உண்மையிலேயே திட்டமா, இல்லை வேறு வழி இல்லாமல் நடக்கிற காரியமா? லெஸ்டர்ஷயரை வைத்தே பார்க்கலாம். இந்தக் கதையின் முன்பாதி, பின்பாதி இரண்டையும் பார்த்த கவுன்ட்டி அது.

முதலில், ஆள் எப்படிக் குறைகிறது?

இங்கிலாந்தில் 18 முதல்தர கவுன்ட்டிகள். முதல் டிவிஷனில் 10, இரண்டாவதில் 8. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை ஒவ்வொரு அணிக்கும் 14 நான்கு நாள் போட்டிகள். நடுவில் டி20 தொடர், ஒருநாள் கோப்பை. ஆகஸ்டில் 'தி ஹண்ட்ரட்' தொடர் நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இது உதாரணம்தான், எந்த அணியின் உண்மைப் புள்ளிவிவரமும் அல்ல. ஒரு கவுன்ட்டியிடம் சம்பளம் வாங்கும் வீரர்கள் 20 பேர், அதில் வேகப்பந்து வீச்சாளர்கள் 7 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு. ஒருவருக்கு ஹேம்ஸ்ட்ரிங். ஒருவரை இங்கிலாந்து அணி கூப்பிட்டுவிட்டது. மிச்சம் 4. இந்த 4 பேரும் ஓய்வில்லாமல் வாரா வாரம் வீசினால் ஐந்தாவது வாரம் 3 ஆகிவிடும். காயம் காயத்தைக் கூட்டிக்கொண்டு வரும் என்று சொல்வது இதனால்தான். உட்கார்ந்திருப்பவரின் வேலையையும் நிற்பவர்தான் செய்ய வேண்டும்.

சர்ரே மாதிரி பணக்கார கவுன்ட்டி இதைத் தாங்கும். லண்டனில் ஓவல் மைதானம் கையில் இருக்கிறது, வருமானம் இருக்கிறது, மாற்று வீரரும் ஏறக்குறைய அதே தரம். லெஸ்டர்ஷயருக்கு டெஸ்ட் மைதானம் கிடையாது. காயம்பட்டவருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அவருக்குப் பதில் வருபவருக்கும் கொடுக்க வேண்டும். ஐடி கம்பெனி பாஷையில் சொன்னால், 'பெஞ்ச்' வைத்துக்கொள்ள வசதியில்லாத நிறுவனம். ஒருத்தர் லீவ் போட்டால் டிரெய்னியை நேரே கிளையன்ட் காலில் உட்கார வைக்க வேண்டியதுதான்.

நம்ம ஊர் நிலைமையே வேறு. ரஞ்சி அணியில் ஒருவருக்குக் காயம் என்றால், சென்னை முதல் டிவிஷன் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குப் போன் போகும். இங்கே மாநில வீரர்களுக்குப் பெரும்பாலும் மேட்ச் ஃபீஸ்தான். கவுன்ட்டி அப்படி இல்லை. அது மாதச் சம்பளம் கொடுக்கும் முதலாளி. அதனால் ஆள் எடுப்பது எப்போதும் பட்ஜெட் விவகாரம்.

காயம் வந்தால் கவுன்ட்டிக்கு என்னென்ன வழி? வெளிநாட்டு வீரரைக் கொண்டுவரலாம். அதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு, பணமும் வேண்டும். இன்னொரு கவுன்ட்டியில் பெஞ்சில் இருப்பவரைக் கடன் வாங்கலாம். இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடிய ஷோயப் பஷீரே சோமர்செட்டில் இடம் கிடைக்காமல் 2024-ல் வொர்ஸ்டர்ஷயருக்குக் கடனில் போனார். இரண்டும் நடக்காவிட்டால் செகண்ட் லெவன், அகாடமி. மலிவான வழியும் அதுதான்.

கீழே விழ இடமில்லை

இன்னொரு காரணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இரண்டாவது டிவிஷனுக்குக் கீழே மூன்றாவது டிவிஷன் கிடையாது. கால்பந்தில் கடைசி இடம் என்றால் கிளப்பின் வருமானமே கவிழும், அதனால் அனுபவசாலிகளைத்தான் இறக்குவார்கள். கவுன்ட்டியில் எட்டாவது இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே டிவிஷன்தான். ஜூலையில் மேலே ஏறும் வாய்ப்பு போய்விட்டால், மிச்சமுள்ள மேட்ச்கள் பதின்ம வயசுப் பையனைச் சோதித்துப் பார்க்க நல்ல களம்.

இதில் பணமும் கலந்திருந்தது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமான ஈசிபி, 22 வயதுக்குட்பட்ட, 26 வயதுக்குட்பட்ட உள்நாட்டு வீரர்களைக் களமிறக்கும் கவுன்ட்டிகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்த காலம் உண்டு. ஏழைக் கவுன்ட்டிக்கு இளைஞர் கொள்கை, வரவுக் கணக்கிலும் ஒரு வரி. ஆக, ஒரு டீம் ஷீட்டைப் பார்த்து இது தொலைநோக்கா, கையில் காசில்லாத நிலையா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வளர்த்துவிட்டு வழியனுப்பியது

லெஸ்டர்ஷயர் எப்போதுமே சொத்தை அணி இல்லை. 1975, 1996, 1998 என மூன்று முறை சாம்பியன். 2004, 2006, 2011 என மூன்று டி20 கோப்பைகள். பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

2012 செப்டம்பரில் ஒரு சாம்பியன்ஷிப் வெற்றி. அடுத்த வெற்றி 2015 ஜூனில், செம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸுக்கு எதிராக. இடையில் 992 நாட்கள், 37 போட்டிகள். 2013, 2014 இரண்டு சீசனும் முழுதாக வெற்றியே இல்லாமல் போயின. 2017-ம் அப்படியே. பிறகு நாம் பார்த்த 2022.

இந்தக் காலத்தில் இளைஞர்களே வரவில்லையா? வந்தார்கள். தங்கவில்லை. ஸ்டூவர்ட் பிராட் லெஸ்டர்ஷயரில் உருவானவர். 2008 சீசனுக்கு நாட்டிங்காம்ஷயர் போய்விட்டார், பிறகு டெஸ்டில் 604 விக்கெட். 19 வயசில் ரன்களைக் குவித்த ஜேம்ஸ் டெய்லர் 2011 முடிந்ததும் கிளம்பினார். ஹாரி கர்னியும் அதே நேரத்தில். 2018 முடிவில் வேகப்பந்து வீச்சாளர் ஜாக் சாப்பல். நாலு பேரும் போன இடம் நாட்டிங்காம்ஷயர்தான். அதன் டிரென்ட் பிரிட்ஜ் மைதானம், லெஸ்டரின் கிரேஸ் ரோட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வீட்டைக்கூட மாற்றாமல் கம்பெனி மாறலாம்.

கால்பந்து மாதிரி இதற்கு டிரான்ஸ்ஃபர் பணம் கோடிகளில் வராது. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் போகலாம், அது அவர் உரிமை. நீங்களும் நல்ல ஆஃபர் வந்தால் போவீர்கள்தானே? ஆனால் 18 வயசில் அவரை இறக்கி, தோல்விகளைத் தாங்கிய செலவு ஒருவருக்கு, 24 வயசில் கிடைக்கிற லாபம் இன்னொருவருக்கு. இளைஞர்களை நம்பும் சின்ன கவுன்ட்டிகள் ஏன் மேலே வருவதில்லை என்பதற்கு என் பார்வையில் முதல் காரணம் இதுதான். திறமைப் பஞ்சம் அதற்குப் பிறகுதான்.

மோசமான வருஷத்தில் முளைத்த இருவர்

மறுபடி 2022-க்கு வருவோம். அந்த வருஷம்தான் லெக் ஸ்பின்னர் ரெஹான் அகமது முதல்தரப் போட்டிகளில் அறிமுகமானார். செப்டம்பரில் டெர்பிஷயருக்கு எதிரான போட்டியில் சதமும் அடித்து 5 விக்கெட்டும் எடுத்தார். அது அவருடைய மூன்றாவது முதல்தரப் போட்டிதான். நாலாவது போட்டி எது தெரியுமா? கராச்சியில், பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். 18 வயது 126 நாட்கள். இங்கிலாந்து ஆண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே இளையவர். 1949-லிருந்து பிரையன் குளோஸ் வைத்திருந்த சாதனை அது. இரண்டாவது இன்னிங்ஸில் 48 ரன் கொடுத்து 5 விக்கெட். ஒரு வெற்றிகூட இல்லாத கவுன்ட்டியிலிருந்து, அதே வருஷம்.

இன்னொருவர் ஜோஷ் ஹல். இரண்டு மீட்டர் உயரம், இடது கை வேகம். 2023 ஒருநாள் கோப்பை, ஹண்ட்ரட் நடக்கும் அதே நேரத்தில் நடந்ததால் எல்லாக் கவுன்ட்டிகளும் இரண்டாம் வரிசை வீரர்களை வைத்துத்தான் சமாளித்தன. பெரிய அணிகளுக்கு இது தலைவலி. ஆள் பற்றாக்குறையிலேயே பழகிய லெஸ்டர்ஷயருக்கு இது சமமான ஆட்டம். டிரென்ட் பிரிட்ஜில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக இறுதிப்போட்டி. 89 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு, ஆஸ்திரேலிய வீரர் ஹேண்ட்ஸ்காம்ப் இல்லாததால் இடம் கிடைத்த விக்கெட் கீப்பர் ஹாரி ஸ்விண்டெல்ஸ் அவுட் ஆகாமல் 117. கூட நின்றவர் இன்னொரு உள்ளூர் வீரர், சாம் எவன்ஸ். 267 ரன்கள் வந்தன. கடைசி ஓவரில் ஹாம்ப்ஷயருக்கு 8 ரன் தேவை. பந்து 19 வயசு ஹல் கையில். ஐந்து ரன்தான் கொடுத்தார். இரண்டு ரன் வித்தியாசத்தில் கோப்பை.

ஒரு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், மார்க் வுட் காயத்தால் விலக, ஹல்லை இங்கிலாந்து டெஸ்டில் இறக்கியது. அப்போது அவருடைய முதல்தர பவுலிங் சராசரி 60-க்கு மேல்! நம்ம ரஞ்சி தேர்வாளர் மேஜையில் அந்த எண்ணோடு ஒரு பெயர் வந்தால் ஃபைலையே திறக்க மாட்டார்கள். உயரத்தையும் கோணத்தையும் நம்பி எடுத்தார்கள். இலங்கைக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். சில வாரங்களில் தொடைத் தசைக் காயம், பாகிஸ்தான் பயணம் போச்சு.

யார் உடம்பில் இந்தச் செலவு?

காயத்தை நிரப்ப வந்த இளைஞரே அடுத்த காயம் ஆவதுதான் இதில் கவலையான பகுதி.

வேகப்பந்து வீசும்போது ஒவ்வொரு பந்துக்கும் கீழ்முதுகு எலும்பு ஒரு பக்கமாக வளைந்து முறுகுகிறது. அந்த எலும்பு முழு வலிமை அடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். அதற்குள் சுமை திடீரென்று கூடினால் மெல்லிய விரிசல் விழும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது இதுதான். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் இது அதிகம். பாட் கம்மின்ஸ் 2011-ல் 18 வயசில் டெஸ்ட் அறிமுகமானார். அடுத்த டெஸ்ட் 2017-ல். நடுவில் இருந்ததில் பெரும்பகுதி முதுகுக் காயம். இதனால்தான் இங்கிலாந்து ஜூனியர் கிரிக்கெட்டில் ஒரு ஸ்பெல்லுக்கு இத்தனை ஓவர், ஒரு நாளுக்கு இத்தனை ஓவர் என்று வயசுவாரியாக வரம்பு வைத்திருக்கிறார்கள்.

மொத்த ஓவரைவிட, சுமை எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதே முக்கியம். செகண்ட் லெவனில் வாரத்துக்குக் கொஞ்சம் வீசிக்கொண்டிருந்த பையன், மூன்று சீனியர்கள் படுத்ததால் சட்டென்று நான்கு நாள் போட்டியில் முழு ஸ்பெல்கள் வீச வேண்டியிருக்கிறது. தோற்கிற அணி என்றால் எதிரணி நாள் முழுக்க பேட் செய்யும், அதாவது இன்னும் அதிக ஓவர்கள். ஸ்பின்னருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2022-ல் லங்காஷயர் போன நம்ம வாஷிங்டன் சுந்தர், அறிமுகப் போட்டியிலேயே 5 விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே ஃபீல்டிங்கில் தோளைக் காயப்படுத்திக்கொண்டு ஜிம்பாப்வே தொடரை இழந்தார்.

2025-ல் என்ன மாறியது?

லெஸ்டர்ஷயர் இரண்டாவது டிவிஷனை வென்றது. 2003-ல் கீழே இறங்கியதற்குப் பிறகு முதல்முறையாக முதல் டிவிஷன். ரெஹான் அந்த சீசனில், மறுபடியும் டெர்பிஷயருக்கு எதிராகத்தான், ஒரே போட்டியில் சதமும் 13 விக்கெட்டும் எடுத்தார். நாட்டிங்காமில் பிறந்தவர், ஆனால் இந்த முறை அந்த 40 கிலோமீட்டரை யாரும் கடக்கவில்லை.

இளைஞர்கள் மட்டுமே தூக்கி நிறுத்தினார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஹாம்ப்ஷயரிலிருந்து இயன் ஹாலந்து, டாம் ஸ்கிரிவன், வொர்ஸ்டர்ஷயரிலிருந்து பென் காக்ஸ், டர்ஹாமிலிருந்து லியாம் டிரவாஸ்கிஸ், எசெக்ஸிலிருந்து ரிஷி படேல் என்று மற்ற இடங்களில் நிரந்தர இடம் கிடைக்காதவர்களை வரிசையாகச் சேர்த்தார்கள். கூடவே ஹேண்ட்ஸ்காம்ப். இந்தச் சுவர் இருந்ததால் ரெஹானும் ஹல்லும் ஒவ்வொரு மேட்சையும் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. 2013-ல் இருந்த இளைஞர்களுக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த முறை ஏதோ ஒரு கவுன்ட்டி 18 வயசுப் பையனை இறக்கியது என்று செய்தி வந்தால், அவர் எடுத்த ரன், விக்கெட்டுக்கு முன்னால், அந்த லெவனில் 28 வயசைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

லெஸ்டர்ஷயருக்கு இனி வேறு கணக்கு. முதல் டிவிஷனில் கடைசி இரண்டு இடம் பிடிப்பவர்கள் கீழே இறங்க வேண்டும். ஜூலையில் மூன்று பவுலர்களுக்குக் காயம் என்றால், அகாடமிப் பையனை இறக்குவது இனி இலவசம் இல்லை.