நகையிடை நின்ற அச்சம்: லுகோசியின் இரண்டாம் டிராகுலா

அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனத்தார் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அபட்டும் காஸ்டெல்லோவும் பிராங்கன்ஸ்டைனைச் சந்திக்கின்றனர்’ என்னும் நகைச்சுவைப் படம், அவர்தாமே 1931 முதல் வளர்த்த பேய்ப்படங்களை எள்ளி முடித்துவைத்தது என்பர். அதில் டிராகுலா என்னும் குருதியுண்ணும் பேயாக வந்த பெலா லுகோசியின் நடிப்பை உற்றுநோக்குவார் இக்கூற்றினை உடன்படார்.

அங்கேரியில் 1882இல் பிறந்த லுகோசி, 1927இல் நியூயார்க்கு மேடையிலும் 1931இல் திரையிலும் டிராகுலாவாகப் புகழெய்தியவர். அவ்வேடத்தை அவர் பன்முறை திரையில் ஏற்றார் எனப் பலரும் எண்ணுவர். முழுநீளப் படங்களுள் அவர் டிராகுலாவாகவே வந்தவை இரண்டே. 1944, 1945ஆம் ஆண்டுகளில் வந்த படங்களில் நிறுவனத்தார் அதனை ஜான் கேரடைனுக்கு அளித்தனர். பதினேழாண்டு கழித்து, அறுபத்தைந்தாம் அகவையில், தமக்கே உரியதெனக் கருதப்பட்ட வேடம் கோமாளிகள் நடுவே அவரை மீண்டும் வந்தடைந்தது.

அவர் கோமாளியாக இசைந்திலர். சவப்பெட்டியின் மூடி மெல்ல உயர, மேலிருந்த மெழுகுதிரி நகர, காஸ்டெல்லோ ஏற்ற வில்பர் நாவெழாது நடுங்குகிறான். எழுகின்ற டிராகுலாவோ 1931இல் கண்டவனே. அதே நிமிர்வு, அதே நிறுத்தி உரைக்கும் சொல். தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன்களுள் எள்ளல் வேறு, பேதைமை வேறு. ஈண்டு நாம் சிரிப்பது வில்பரின் பேதைமை கண்டே. கதையும் அதன்மேல் நின்றதே: அரக்கனின் தலைக்குள் வைக்கத் தனக்கு அடங்கும் எளிய மூளையொன்றினை நாடும் டிராகுலா, வில்பரைத் தெரிந்தெடுக்கின்றான். அவன் அஞ்சத்தக்கவனாக நில்லாவிடின் வில்பரின் நடுக்கம் வெறும் கூத்தாய் ஒழியும்.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். 1931ஆம் ஆண்டுப் படத்தில் சிகரெட்டுப் பெட்டியின் கண்ணாடியில் உருத் தோன்றாமையாலேயே டிராகுலா பேயெனத் தெளியப்படுகிறான். 1948இலோ, சாண்ட்ரா என்னும் பெண்ணின் கழுத்தை அணுகும்போது அவன் உருவம் கண்ணாடியில் நன்கு தெரிகிறது. இதனைக் கேலியெனக் கொள்ளலாமோ எனின், ஆகாது. படத்தில் எவரும் அதனைச் சுட்டிச் சிரித்திலர். லுகோசியின் முகத்திலும் விளையாட்டின் சாயல் சிறிதும் இல்லை. படமெடுத்தோரின் சோர்வென்றே கொள்ளத்தகும். ஆயினும் காண்போர் பலர் அதனைக் கவனியாது விடுவதே அந்நடிப்பின் வன்மைக்குச் சான்று.

இறுதியில் வௌவாலாகிப் பறக்கும் டிராகுலாவை, லான் சேனி ஏற்ற ஓநாய்மனிதன் பாய்ந்து பற்ற, இருவரும் கடலுள் வீழ்கின்றனர். அங்கும் நகையில்லை. அது மீள்வது, தோழர் இருவரும் ஏறிய படகில் உருவிலி மனிதனின் குரல் கேட்ட பின்னரே.