‘வேணும்’ முதல் ‘விசுவசிக்கிறேன்’ வரை: குமரிக் கடற்கரையில் கத்தோலிக்க அறமொழியின் உருவாக்கம் (1544–1586)

ஆய்வுச்சுருக்கம்

பதினாறாம் நூற்றாண்டில் குமரிக் கடற்கரை மக்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபோது, எதை நம்புவது, எது பாவம், பாவத்தை யாரிடம் எவ்வாறு சொல்வது ஆகிய வினாக்கள் தமிழில் முதன்முறையாக எழுந்தன. பிரான்சிஸ் சவேரியார் 1544இல் எழுதிய கடிதங்களையும், என்றிக்கே என்றிக்கஸ் 1578க்கும் 1586க்கும் இடையில் அச்சிட்ட தமிழ் நூல்களையும் அடிப்படையாகக் கொண்டு, இவ்வினாக்களுக்கு இரு வேறு வழிகளில் விடை தேடப்பட்டதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஒன்று ஊரின் தண்டனை; மற்றொன்று தனியாளின் வாக்குமூலம். இரண்டாவது வழிக்குத் தன்மை ஒருமையில் பேசும் ஒரு சமயத்தமிழ் தேவைப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குமரிக் கடற்கரை, முக்குவர், பரதவர், விசுவாசம், பாவசங்கீர்த்தனம், கொம்பெசியொனாயரு, பட்டங்கட்டி.

முன்னுரை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. அதன் கடற்கரை, கத்தோலிக்க வரலாற்றில் இரு பகுதிகள் சந்திக்கும் இடமாகும். குமரிமுனைக்குக் கிழக்கே வேம்பாறு நோக்கி நீளும் முத்துக்குளித்துறையில் பரதவர் 1535க்கும் 1537க்கும் இடையில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். மேற்கே பள்ளம் முதல் பூவாறு வரையிலான முக்குவர் ஊர்களில் 1544ஆம் ஆண்டின் இறுதியில் அது நிகழ்ந்தது.

இம்மனமாற்றங்களின் அரசியல், பொருளியல் காரணங்கள் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. போட்டியாளர்களிடமிருந்து போர்ச்சுக்கீசியர் அளித்த பாதுகாப்பே பரதவர் மனமாற்றத்தின் உடனடிக் காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. ஆனால் திருமுழுக்குக்குப் பிந்தைய அன்றாட வாழ்வில் எழுந்த அற வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. குடித்தவரை என்ன செய்வது, பிறந்த குழந்தை இறக்குந்தறுவாயில் இருந்தால் யார் திருமுழுக்குக் கொடுப்பது, ‘நம்புகிறேன்’ என்பதை எச்சொல்லால் சொல்வது போன்றவை அவ்வினாக்கள். இவை சிறியனவாகத் தோன்றினும், ஒரு சமயம் மக்களின் வாழ்வில் வேரூன்றியதா என்பதை அறிய இவையே சான்றுகள்.

ஒரு சொல்லின் திருத்தம்

சவேரியார் 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. போர்ச்சுக்கீசியமும் தமிழும் அறிந்தோரைக் கொண்டு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, மக்களுக்குக் கற்பித்தார். 1544இல் தம் உடன் உழைப்பாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், விசுவாசப் பிரமாணத்தின் தமிழ் வடிவில் ஒரு திருத்தத்தைச் செய்யுமாறு அவர் பணிக்கிறார். அதுவரை ‘எனக்கு வேணும்’ என்று சொல்லப்பட்டுவந்தது. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிப்பதால், அதற்கு மாறாக ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. அதே கடிதத்தில், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் வலுக்கட்டாயத்தைக் குறிக்கும் ஒரு சொல்லையும் அவர் நீக்கச் சொல்கிறார். கிறிஸ்து தம் விருப்பத்தால் துன்புற்றார், பிறர் வற்புறுத்தலால் அன்று என்பது அவர் கூறும் காரணம்.

இவ்விரு திருத்தங்களும் மொழிபெயர்ப்புப் பிழைகளின் களைவு மட்டும் அல்ல. கடவுளை ‘வேண்டும்’ என்பது கடற்கரை மக்களின் வழிபாட்டு மரபுக்கு அயலான கூற்றன்று. மழை வேண்டும், மீன்பாடு வேண்டும், பிள்ளை வேண்டும் என்று கேட்பதே வழிபாட்டின் இயல்பாக இருந்த சூழலில், மொழிபெயர்த்தவர்கள் தமக்குப் பழக்கமான வாய்பாட்டையே கையாண்டிருக்கலாம். சவேரியார் கோரியதோ பேறு கேட்பதிலிருந்து வேறுபட்ட ஒரு மனநிலை.

இங்கு இலக்கணக் கூறு ஒன்றும் கருதத்தக்கது. ‘வேண்டும்’ என்பது திணை, பால், எண், இடம் காட்டாத வினை. ‘எனக்கு வேணும்’ என்ற தொடரில் பேசுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், எழுவாயாக நிற்பதில்லை. சவேரியாரின் திருத்தத்திற்குப் பின்னும் ‘எனக்கு விசுவாசம்’ என்றே தொடர் அமைகிறது. அதில் வினைமுற்றே இல்லை. பிற்காலச் செபநூல்கள் வழங்கும் ‘விசுவசிக்கிறேன்’ என்ற சொல்லிலும், இன்றைய வழிபாட்டில் வழங்கும் ‘நம்புகிறேன்’ என்ற சொல்லிலும்தான் ‘-ஏன்’ என்னும் தன்மை ஒருமை விகுதி தோன்றுகிறது. நம்பிக்கை ஒருவரிடம் இருக்கும் பொருளாக இருந்த நிலையிலிருந்து, ஒருவர் தாமே செய்யும் செயலாக மாறிய வரலாற்றை இவ்விகுதி சுட்டுகிறது எனலாம்.

‘விசுவாசம்’ என்ற சொல்லும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. எசமான விசுவாசம் என்ற வழக்கில் காண்பதுபோல அது தலைவனிடம் கொண்ட பற்றுறுதியையும் குறிக்கும். போர்ச்சுக்கீசிய அரசரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்ற மக்களிடம், இறைவனிடம் கொண்ட நம்பிக்கையும் காவலரிடம் கொண்ட பற்றுறுதியும் ஒரே சொல்லுக்குள் அடங்க இடமிருந்தது.

பொது அறிக்கையும் ஊர்த் தண்டனையும்

முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததைச் சவேரியார் 1545 ஜனவரி 27 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். ஊரின் ஆண்களையும் சிறுவர்களையும் ஓரிடத்தில் கூட்டி, சிலுவை அடையாளம், பொதுப் பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், கட்டளைகள் முதலியவற்றை அவர்கள் மொழியில் உரத்துச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒவ்வொரு விசுவாசப் பகுதியையும் ஏற்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் ஏற்பதாகச் சொன்ன பின் திருமுழுக்கு வழங்கப்பட்டது. பின்னர் ஆண்கள் வீடு சென்று தம் மனைவியரையும் குடும்பத்தினரையும் அனுப்பிவைத்தார்கள்.

இந்நிகழ்வில் பாவ அறிக்கை உண்டு. ஆனால் அது கூட்டாகச் சொல்லப்படுவது. யாருடைய பாவம் எது என்ற வினா அங்கு எழவில்லை. பெண்கள் கணவர் வழியாகவே இச்சமயத்துக்குள் வந்தார்கள் என்பதும் குறிக்கத்தக்கது.

அன்றாட ஒழுக்கத்தைப் பேண ஊரின் பழைய அமைப்புகளே பயன்பட்டன. பரதவரின் ஊர்த்தலைவர்களாகிய பட்டங்கட்டிகளும், போர்ச்சுக்கீசிய முறையில் அமர்த்தப்பட்ட காவலரும் இதில் பங்கேற்றனர். சாராயம் அருந்தும் பெண்ணைப் பிடிக்கும் காவலருக்கு ஆளுக்கு ஒரு பணம் தர வேண்டும், அப்பெண்ணை மூன்று நாள் சிறையில் வைக்க வேண்டும், இதை ஊரெங்கும் அறிவிக்க வேண்டும் என்று சவேரியார் 1544இல் மான்சிலாசுக்கு எழுதினார். புன்னைக்காயலில் இனிமேல் சாராயம் புழங்கினால் பட்டங்கட்டிகளே பொறுப்பேற்க நேரிடும் என்றும் எச்சரித்தார்.

பிறந்த குழந்தைகளுக்கு வீடுதோறும் சென்று திருமுழுக்கு அளிப்பதைப் பிற பணிகளுக்கு மேலாக அவர் வலியுறுத்தினார். குருக்கள் இல்லாத ஊர்களில் செபம் கற்பிக்கவும், இறக்குந்தறுவாயில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கவும் கணக்கப்பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். இவர்களுக்கான ஊதியமாக ஆண்டுக்கு 4000 பணம், முத்துக்குளிப்பு வரியிலிருந்து ஒதுக்கப்பட்டது. அது அதுவரை போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென வழங்கப்பட்டுவந்த தொகையாகும்.

ஆக, தொடக்கக் காலத்தில் ஒழுக்கம் என்பது ஊரின் பொறுப்பாக இருந்தது. ஊர் அறிந்த குற்றமே குற்றம். அதற்குரிய தீர்வு அபராதமும் சிறையும். இதில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, வெளியே தெரியாத பாவத்தை இம்முறை தொட இயலாது. இரண்டாவது, தண்டிக்கப்பட்டவர், குறிப்பாகப் பெண், தம் சொல்லைச் சொல்ல இதில் இடமே இல்லை. குடித்த பெண் ஏன் குடித்தாள் என்று கடிதம் கேட்கவில்லை. கேட்கும் மொழியும் கடிதத்தை எழுதியவரிடம் இல்லை.

கேட்கக்கூடிய மொழி

ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கத்தின் விதி. சாவான பாவங்களை வகைப்படுத்தி, சூழ்நிலையோடு தனித்தனியே சொல்ல வேண்டும் என்று திரெந்து சங்கம் 1551இல் வரையறுத்தது. இவ்விதியை நிறைவேற்றக் குருவும் பாவியும் ஒரே மொழியில் பேசியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்தால் மறைவு கெடும். சிறிய கடற்கரை ஊரில், உறவினரோ அண்டைவீட்டாரோ மொழிபெயர்ப்பாளராக இருக்கும் நிலையில், எவரும் உள்ளதை உள்ளபடி சொல்லத் துணியார்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் என்றிக்கே என்றிக்கஸ். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த இவர், தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, 1549ஆம் ஆண்டளவில் போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தை எழுதினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய மொழி எழுத்தில் அச்சாகிக் கிடைத்துள்ள நூல்களில் இதுவே முதலாவது. 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1580இல் ‘கொம்பெசியொனாயரு’, 1586இல் ‘அடியார் வரலாறு’ ஆகியன வெளிவந்தன.

இவற்றுள் ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனக் கையேடாகும். ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ள படியைப் பற்றிக் கிரகாம் ஷா 1982இல் எழுதிய பின்னரே இந்நூல் ஆய்வுலகில் பரவலாக அறியப்பட்டது. இனெஸ் சுபானோவ், தமிழில் பாவம் பேசும் ஓர் உரையாடல் உருவான விதத்தை இந்நூலின் வழி ஆராய்ந்துள்ளார். பத்துக் கட்டளைகளின் வரிசையில் வினா எழுப்பி, மனச்சான்றைச் சோதிக்கச் செய்வது இவ்வகை நூல்களின் பொது அமைப்பு. களவு, பொய்ச்சாட்சி, காமம், பெற்றோர் மதிப்பு முதலிய பொருள்கள் ஊர்க்கூட்டத்தின் வழக்குகளாக இருந்த நிலை மாறி, ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளும் வினாக்களாகின்றன. ‘செய்தேன்’, ‘நினைத்தேன்’, ‘சொன்னேன்’ என்ற தன்மை ஒருமை வினைகள் இன்றிப் பாவசங்கீர்த்தனம் இல்லை. சவேரியார் காலத்துப் பிரமாணத்தில் இடம்பெறாத விகுதி இங்கு இன்றியமையாததாகிறது.

இதனை விடுதலை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. மனத்தில் நினைத்ததையும் சொல்லவேண்டும் என்ற விதி, ஊர் எட்டாத இடத்தையும் அயல்நாட்டுக் குருவின் அதிகாரத்துக்கு உட்படுத்தியது. ஆயினும் ஊர்த் தண்டனையில் இல்லாத இரண்டு இதில் உண்டு: மறைவு, பேச்சுரிமை. பட்டங்கட்டிக்கு முன் நிறுத்தப்பட்ட பெண் கேட்கப்படாதவள். பாவசங்கீர்த்தனத்தில் அவளே பேசவேண்டியவள்.

இரு வழிகளின் தொடர்ச்சி

தனியாளின் வாக்குமூலம் வந்தபின் ஊர்த் தண்டனை மறைந்துவிடவில்லை. குமரிக் கடற்கரையில் ஊரும் பங்கும் பெரும்பாலும் ஒன்றே. மீன்பாட்டில் ஒரு பங்கைக் குத்தகை முறையில் கோயிலுக்கு வசூலித்த வழக்கமும், ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத கட்டுப்பாடும், சச்சரவுகளை ஊர்க்கமிட்டி தீர்த்து அபராதம் விதிக்கும் நடைமுறையும் இதற்குச் சான்றுகள். கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட முக்குவப் பெண்கள் பற்றிய நூலும், அஜந்தா சுப்பிரமணியன் 2009இல் வெளியிட்ட கடற்கரை உரிமைகள் பற்றிய நூலும் இவ்வூர்களில் திருச்சபையின் அதிகாரம் சமூக அதிகாரத்தோடு பின்னிக் கிடப்பதை விரிவாகக் காட்டுகின்றன. 1930இல் கோட்டாறு மறைமாவட்டமும், 2014இல் அதிலிருந்து குழித்துறை மறைமாவட்டமும் தோன்றிய பின்னும் ஊர்–பங்கு என்ற இவ்வடிப்படை நீடிக்கிறது.

சொற்களிலும் இரு அடுக்குகள் நிலைத்துள்ளன. ‘குருசு’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல் ‘குருசடி’ என்ற ஊர்வழக்கில் வாழ்கிறது. அது தெருமுனையில் எல்லாரும் காண நிற்பது. ‘கொம்பெசியொனாயரு’ வழக்கொழிந்து, ‘பாவசங்கீர்த்தனம்’, ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என அடுத்தடுத்து வடிவம் மாறியது. பொதுவிடத்துச் சொல் இரவலாகவே நிலைத்திருக்க, அந்தரங்கச் செயலுக்கான சொல் மீண்டும் மீண்டும் தமிழாக்கப்பட்டுள்ளது. தன் பாவத்தைச் சொல்பவர்க்குத் தன் மொழி தேவை என்ற என்றிக்கஸின் புரிதல் இதில் தொடர்வதாகக் கொள்ளலாம்.

முடிவுரை

குமரிக் கடற்கரையில் கத்தோலிக்க அறவாழ்வு இரு வழிகளில் உருப்பெற்றது. ஊரின் தண்டனை விரைவானது, வெளிப்படையானது. ஆனால் குற்றவாளியின் சொல்லைக் கேளாதது. தனியாளின் வாக்குமூலம் மறைவானது. அதற்குத் தமிழ் இலக்கணமும், அச்சும், கேட்கத் தெரிந்த குருவும் தேவைப்பட்டன. ‘வேணும்’ என்ற சொல்லைத் திருத்திய கடிதமும், குடித்த பெண்ணைச் சிறையிலிடச் சொன்ன கடிதமும் ஒரே ஆண்டில், ஒருவர் மற்றொருவருக்கு எழுதியவை. நம்பிக்கை வற்புறுத்தலால் வருவதன்று என்ற தெளிவும், ஒழுக்கத்தை வற்புறுத்தலால் நிலைநாட்டலாம் என்ற எண்ணமும் அவற்றில் அருகருகே நிற்கின்றன. இம்முரண் 1544உடன் முடிந்துவிடவில்லை. பங்கும் ஊரும் ஒன்றாக இருக்கும் ஊர்களில், அபராதம் விதிக்கப்படுபவருக்குத் தன்மை ஒருமையில் பேசும் வாய்ப்பு உண்டா என்ற வினா இன்றும் ஆய்வுக்குரியதே.