டயர் பெருத்த கதை



நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்று லோரியும் பிக்கப்பும் ஓட்டிப் பிழைக்கிறார்கள். பழைய பிக்கப் ஒன்றை வாங்கியதும் அவர்களில் சிலருக்கு முதலில் எழும் ஆசை, அதற்குப் பெரிய டயர் போட வேண்டும் என்பதுதான். மழைக்காலத்துச் செம்பனைக் காட்டுச் சேற்றில் வண்டி புதையாது, மேட்டுக் கல்லில் அடிப்பாகம் இடிக்காது என்பது அவர்கள் கணக்கு. ஆசை நியாயமானதே. ஆனால் டயரை மாட்டி முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்ததும், கரகரவென்று ஒரு சத்தம் கேட்கிறது. டயர் மட்காட்டில் உரசுகிறது. சிலர் ரேடியோவின் ஓசையைக் கூட்டிவிட்டு அந்தச் சத்தத்தை மறந்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததன்று. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்திலேயே பெரிய மோட்டார்த் தொழிற்சாலை இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கே அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று நாம் செய்ய வேண்டியதும் விளங்கிவிடும். இந்தக் கதையில் நமக்கு வேறொரு உறவும் உண்டு. அந்த டயர்கள் நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய மரங்களிலிருந்து பிறந்தவை. ஆகவே டயரின் வரலாறு நம் குடும்பத்தின் வரலாறும் ஆகும்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார். 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அன்று மோட்டார் வண்டியும் இல்லை, சைக்கிளும் பரவவில்லை. எனவே அவருடைய கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. பின்னர் 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் அதே எண்ணத்தைப் புதிதாக உருவாக்கினார். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் தெருவில் தடதடக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அவர் செய்த முயற்சி அது. 1895இல் பிரான்சு நாட்டு மிஷலின் சகோதரர்கள், பாரிஸிலிருந்து போர்டோ சென்று திரும்பும் மோட்டார்ப் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். வழியெங்கும் டயர் பஞ்சரானது. ஆயினும் இரும்புப் பட்டைக்கும் கெட்டி ரப்பருக்கும் முடிவு நெருங்கிவிட்டது என்பதை அந்தப் பயணம் உணர்த்தியது.

அதே காலத்தில் நம் மண்ணில் என்ன நடந்தது? 1876இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கன்றுகள் பேராக்கில் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைப் பயிராகவே நட்டார். டயர் அங்கே பிறந்தபோது, அதற்குரிய மரம் இங்கே வேர் பிடித்திருந்தது.

1908இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வெளிவந்தது. எளியவரும் வாங்கக்கூடிய கார் அது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர் வேண்டுமல்லவா? 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டியது. காடுகள் அழிந்து கித்தாத் தோட்டங்களாயின. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் சந்ததிதான் நம்மில் பெரும்பாலோர்.

இனி டயர் பெருத்த கதைக்கு வருவோம். தொடக்க கால மாடல் டி காரின் டயர் ஒல்லியானது. பின்சக்கர டயரின் மொத்த உயரம் 30 அங்குலம், தடிப்பு 3½ அங்குலம்தான். ஒல்லியான டயர் பாரத்தைத் தாங்க வேண்டுமானால் காற்றை இறுக அடைக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 50 அல்லது 60 பவுண்டு அழுத்தம் அடைத்தார்கள். அத்தனை இறுக்கமான டயர் கல்லைப் போல இருக்கும். பயணம் செய்தவர்களின் முதுகெலும்புக்குத்தான் அதன் அருமை தெரியும்! மண்சாலையில் அது கோடு கிழித்துப் புதையவும் செய்தது.

1923இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பலூன் டயர் எனப்பட்ட பருத்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் தத்துவம் எளிது. டயருக்குள் காற்று தங்கும் இடம் பெரிதானால், குறைந்த அழுத்தத்திலேயே அதே பாரத்தைத் தாங்கலாம். அழுத்தம் குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், குலுக்கலை வாங்கிக்கொள்ளும், சேற்றில் எளிதில் புதையாது. இன்று நம் இளைஞர் பெரிய டயர் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் ஒல்லி டயருக்கென்று அளவெடுத்துச் செய்த காரில் பருத்த டயரை எப்படி மாட்டுவது? 1925ஆம் ஆண்டு வாக்கில் ஃபோர்டு தொழிற்சாலையின் பொறியாளர்கள் இதற்கு மூன்று காரியங்கள் செய்தார்கள். நேயர்கள் இந்த மூன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அவர்கள் ரிம்மைச் சிறிதாக்கினார்கள். பழைய ரிம் 23 அங்குலம். புதியது 21 அங்குலம். டயரின் தடிப்போ 3½ அங்குலத்திலிருந்து 4.40 அங்குலமாகக் கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய சக்கரத்தில் 23ஓடு மேலும் கீழும் 3½ சேர்த்தால் 30 அங்குலம். புதியதில் 21ஓடு மேலும் கீழும் 4.40 சேர்த்தால் 29.8 அங்குலம். டயர் பருத்தது, ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் கூடவில்லை. உயரம் கூடாததால் மட்காட்டின் உச்சியில் டயர் போய் இடிக்கவில்லை.

இரண்டாவது, ஸ்டியரிங் அமைப்பை மாற்றினார்கள். அகல டயரைத் திருப்பக் கை வலிமை அதிகம் வேண்டும். ஆகவே ஒன்றுக்கு நான்காக இருந்த பல்சக்கர விகிதத்தை ஒன்றுக்கு ஐந்தாக ஆக்கினார்கள். மூன்றாவது, மட்காட்டையும் அகலமாக்கினார்கள். டயரை மட்டும் மாற்றினால் வேலை முடியாது, அதைச் சுற்றியுள்ளவையும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அப்படியும் அந்தக் காலக் கார்கள் பலவற்றில், பலூன் டயர் மாட்டியதும் முன்சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்தில் வெடவெடவென்று ஆடத் தொடங்கின. அந்த ஆட்டத்தை அடக்கப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

லோரிகளும் பின்தங்கவில்லை. முதல் உலகப் போர்க்காலம் வரை லோரிச் சக்கரங்களில் பெரும்பாலும் கெட்டி ரப்பர்தான். 1917இல் குட்இயர் நிறுவனம் காற்று டயர் மாட்டிய லோரியை ஏக்ரன் நகரிலிருந்து பாஸ்டன் நகருக்கு ஓட்டியது. முதல் பயணத்தில் டயர்கள் பலமுறை பழுதாயின. பிந்திய பயணங்களில் தூரம் சில நாட்களில் கடக்கப்பட்டது. பாரம் ஏற்றும் வண்டிக்கும் காற்று டயர் ஆகும் என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது.

டயர் பெருத்த அந்த ஆண்டுகளில் தோட்டத்து வாழ்வு எப்படி இருந்தது? 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1925இல் ரப்பர் விலை பவுண்டுக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. அமெரிக்க டயர் முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் சொந்தத் தோட்டம் போட்டார். ஃபோர்டு பிரேசில் காட்டில் தோட்டம் போடப் புறப்பட்டார். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கார் விற்பனை சரிந்தது. 1932இல் ரப்பர் விலை சில பென்சுகளுக்கு இறங்கியது. ஆண்களின் 50 காசு நாட்கூலி 1930இலேயே 40 காசாகக் குறைக்கப்பட்டிருந்தது. பின்னர் அது மேலும் இறங்கியது. பல்லாயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. டெட்ராய்ட் நகரில் கார் விற்காவிட்டால் இங்கே லயத்து வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நம் முன்னோர் அன்று அனுபவித்து அறிந்தார்கள்.

போருக்குப் பின் மற்றொரு திருப்பம் வந்தது. 1946இல் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு உரிமை பெற்றது. 1949இல் அது சந்தைக்கு வந்தது. செயற்கை ரப்பர் வந்துவிட்டது, இனி மரத்து ரப்பருக்கு மவுசு போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாகத் தேவைப்பட்டது. லோரி டயரும் விமான டயரும் இன்றளவும் அதை நம்பியே இருக்கின்றன.

1948இல் வெளிவந்த லேண்ட்ரோவர் வண்டியை நம்மவர் நன்கு அறிவர். தோட்டச் சாலைகளில் அது ஓடாத மேடு பள்ளம் இல்லை. அதன் தொடக்க கால டயர் 6.00-16. அதே 16 அங்குல ரிம்மில் 7.50-16 டயரை மாட்டினால் அகலம் 1½ அங்குலமும், உயரம் சுமார் 3 அங்குலமும் கூடும். அப்போது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் முன்டயரின் உட்பக்கம் வில் தகட்டில் உரசும். இதற்கென்றே அந்த வண்டியில் சக்கரத்தின் திருப்பத்தை மட்டுப்படுத்தும் தடுப்பு ஆணி ஒன்று உண்டு. அதைச் சற்று வெளியே திருகி வைத்தால் உரசல் நின்றுவிடும். ஆனால் வண்டி திரும்பப் பழையதைவிட அகலமான இடம் வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது நம் பிக்கப்புக்கு வருவோம். டயரின் பக்கத்தில் 235/75 ஆர் 15 என்பதுபோல அச்சிட்டிருக்கும். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு பக்கச் சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம். இதன் மொத்த உயரம் சுமார் 733 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 265/75 ஆர் 15 மாட்டினால் உயரம் சுமார் 778 ஆகும். அதாவது டயரின் மேல் விளிம்பு மட்காட்டை நோக்கி 22 மில்லிமீட்டர் நெருங்கும். இரு பக்கமும் 15 மில்லிமீட்டர் வீதம் அகலம் கூடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 106 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

உரசும் இடங்கள் மூன்று. ஒடித்த சக்கரம் மட்காட்டின் முன் பின் விளிம்பில் உரசும். டயரின் உட்பக்கம் சட்டத்திலோ வில்லிலோ உரசும். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது டயர் உச்சியில் இடிக்கும். உட்பக்க உரசலைத் தவிர்க்கச் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் போடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் சக்கரம் அகல வட்டமாகச் சுழன்று மட்காட்டு விளிம்பைத் தட்டும். பேரிங்குக்கும் சுமை கூடும். வண்டியை உயரத் தூக்கினால் உச்சியில் இடம் கிடைக்கும். ஆனால் ஒடிக்கும்போது ஏற்படும் உட்பக்க உரசல் அதனால் தீராது. உயர்ந்த வண்டி மலைச்சாலைத் திருப்பத்தில் கவிழவும் எளிது.

ஆகவே டயருக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றுங்கள். முன்சக்கரம் ஒன்றைத் தடித்த பலகையின்மேல் ஏற்றி நிறுத்துங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் திருப்பட்டும். மற்றவர் டார்ச் விளக்கோடு மூன்று இடங்களிலும் உள்ள இடைவெளியை அளக்கட்டும். இரு முன்சக்கரங்களுக்கும் இப்படிச் செய்யுங்கள். கிடைக்கும் இடைவெளி, புதிய டயர் கேட்கும் கூடுதல் அளவைவிடத் தாராளமாக இருந்தால் மட்டுமே மாட்டலாம். இடம் குறைவு என்றால் ஃபோர்டு பொறியாளரின் முதல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் கூடாத டயரைத் தேர்ந்தெடுங்கள். பாரம் தாங்கும் திறன் பழைய டயரைவிடக் குறையக்கூடாது. டயர் மட்காட்டுக்கு வெளியே துருத்தக்கூடாது. வண்டியின் உடலை வெட்டி மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரும்பு விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. பாரம் ஏற்றி மலை இறங்கும் ஒரு நாளில் முன்டயர் வெடித்தால், ஓட்டுகிறவரின் கையில் எதுவும் இல்லை. வண்டியில் இருப்பவர்கள் அவருடைய சொந்த மனிதர்களாகவும் இருக்கலாம்.

இன்று நம் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து முன்னே நிற்கிறது. பால் வாளியும் காண்டாக் கம்பும் அறியாத பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். அவர்கள் டயர்க் கடையில் நின்று அளவு கேட்கும்போது, அந்தக் கறுப்பு வளையத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து போன ஒரு தலைமுறையின் உழைப்பும் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள்.